மணற்குன்றுகளுக்கு அப்பால்

பாலைவனச் சுற்றுலா என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஒரே காட்சிதான்: அலையலையாய் விரிந்த மணற்குன்றுகளும், அவற்றின் மீது நடந்து செல்லும் ஒட்டகங்களும். கடந்த டிசம்பரில் ஜெய்சல்மேருக்குப் புறப்பட்ட எங்கள் 14 பேர் கொண்ட குழுவும் அந்தக் காட்சியைக் காணவே சென்றது. திரும்பியபோது எங்கள் நினைவில் நின்றதோ வேறொன்று.

ஜெய்சல்மேர் நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் சாம் மணற்குன்றுகள் உள்ளன. மாலையில் நாங்கள் சென்றபோது அங்கே திருவிழாக் கூட்டம். ஒட்டகச் சவாரி செய்தோம், கதிரவன் மறைவதைக் கண்டோம், கூடாரத்துக்குத் திரும்பினோம். ஆடலும் பாடலும் நெடுநேரம் நீடித்தன. “ஒரு விலங்கைக்கூடக் காணோமே!” என்று குழுவின் மூத்த அம்மையார் ஒருவர் வழிகாட்டியிடம் குறைபட்டுக்கொண்டார். “இந்தச் சத்தத்தில் எது வரும், மாதாஜி? விடியுமுன் எழுந்து வாருங்கள், காட்டுகிறேன்” என்றார் அவர்.

மறுநாள் 9 பேர் மட்டுமே எழுந்தோம். கடுங்குளிர். ஆளரவமற்ற மணற்சரிவில் வழிகாட்டி முதலில் காட்டியது விலங்குகளை அன்று; அவற்றின் காலடித் தடங்களை. நூலால் தைத்தாற்போன்ற வண்டின் தடம். தத்திச் சென்ற எலியின் தடம். அதனைக் குறுக்கிட்ட பாலைவன நரியின் தடம். இரண்டும் சந்தித்த இடத்தோடு எலியின் தடம் முடிந்திருந்தது. முன்னிரவு நாங்கள் ஆடிக் களித்த கூடாரம் அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பின்னர், முன் அனுமதி பெற்று, பாலைவனத் தேசியப் பூங்காவின் சுதாசரி பகுதிக்குச் சென்றோம். ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள இப்பூங்காவில் மணற்குன்றுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சியவை பாறைத் தரையும் உப்புப் படுகையும் புல்வெளியும். சேவண் எனப்படும் புல் மணலை இறுகப் பற்றி நிற்கிறது. இடையிடையே கேஜ்ரி மரங்கள். நம் கோயில்களில் தலமரமாக விளங்கும் வன்னியே அது. அதன் நிழலில் சிங்காரா மான்கள் மேய்ந்தன. உண்ணும் தழையிலும் பனியிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே அவை பல நாள் தாக்குப்பிடிக்கும். வானில் பாறுக் கழுகுகள் வட்டமிட்டன. நீர்நிலையை நோக்கிக் கல்கௌதாரிகள் கூட்டமாகப் பறந்தன. ஆண் கல்கௌதாரி தன் வயிற்று இறகுகளில் நீரை நனைத்து எடுத்துச் சென்று குஞ்சுகளுக்கு ஊட்டும்.

திடீரென வழிகாட்டி கையுயர்த்தினார். தொலைவில், புல்லுக்கு மேலே வெண்ணிறக் கழுத்தொன்று தெரிந்தது. கானமயில்! ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடையிருக்கும். பறக்கும் பறவைகளில் மிகு எடையுள்ளவற்றுள் ஒன்று. ராஜஸ்தானின் மாநிலப் பறவையான இதனை அங்குள்ளோர் கோடாவண் என்று அழைக்கின்றனர். ஒருகாலத்தில் தமிழகப் புல்வெளிகளிலும் இது வாழ்ந்தது. இன்று எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. நாங்கள் மூச்சடக்கி நின்றோம். அது நிதானமாக நடந்து புல்லுக்குள் மறைந்தது.

இப்பறவை தரையில் ஒரு பருவத்தில் பெரும்பாலும் ஒரே முட்டையிடும். ஆகவே ஓர் இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகும். தலைக்கு நேர் முன்னே உள்ளதை இது தெளிவாகக் காணாது. பருத்த உடலாதலால் சட்டென விலகவும் இயலாது. எனவே உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி இறக்கிறது. நாங்கள் வந்த சாலையெங்கும் அத்தகைய கம்பிகளைக் கண்டிருந்தோம்; அப்போது அவை எங்களுக்கு உறுத்தவில்லை. மின்கம்பிகளை நிலத்தடியில் கொண்டு செல்ல உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு ஆணையிட்டது. பின்னர் 2024-இல், பறவையும் வாழவேண்டும், சூரிய மின்னாற்றலும் வளரவேண்டும் எனக் கருதி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. சாமில் உள்ள இனப்பெருக்க மையத்தில், 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் வழியே முதல் குஞ்சு பொரிந்தது. நம்பிக்கைக்கு இடமுண்டு.

பாலைநிலத்தைப் பயனற்ற தரிசு என்று கணக்கிடுவது நம் வழக்கம். புல் மூடிய அந்த வெளியோ, செலவழித்தால் மீளாத முதல் என்பதை அன்று உணர்ந்தோம்.

கூடாரத்துக்குத் திரும்பியதும் ஜீப்பில் மணற்குன்றுகள் மீது பாய்ந்தோடும் சவாரிக்கு அழைப்பு வந்தது. கட்டணம் முன்பே செலுத்தியாயிற்று. “காலையில் பார்த்த தடங்களின் மீதா வண்டியை ஓட்டுவது?” என்றார் அந்த அம்மையார். 14 பேரில் 8 பேர் சவாரியைத் தவிர்த்தோம்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். இரவுக்குக் கம்பளி உடை அவசியம். பூங்காவுக்குரிய அனுமதியை முன்னரே பெறுக. குறித்த பாதையை விட்டு விலகாத வண்டியையும், ஒலிபெருக்கி அலறாத கூடாரத்தையும் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாளேனும் விடியுமுன் எழுந்து நடந்து பாருங்கள்.