பேச்சிப்பாறைப் பால்வெட்டுத் தொழிலும் பகல்நேரப் பல்தூய்மையும்

ஆய்வுச் சுருக்கம்

விடியுமுன் வீட்டைவிட்டுச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளர்கள் பகற்பொழுதில் பற்களைத் தூய்மையாக வைத்துக்கொள்வதற்குரிய வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. காலையில் பல் துலக்குதல், உண்டபின் வாய் கொப்பளித்தல் என்னும் இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதும், பணியிடத்தில் இரண்டாவதன் இடத்தை வெற்றிலைபாக்கு பிடித்துக்கொள்வது தீங்கானது என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பேச்சிப்பாறை, பால்வெட்டு, பல்குச்சி, கொப்பளித்தல், வெற்றிலைபாக்கு.

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திற்கு அப்பால் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்தது பேச்சிப்பாறை. திருவிதாங்கூர் ஆட்சியில் 1897 முதல் 1906 வரை கோதையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையால் அறியப்படும் இவ்வூரைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் பரந்துள்ளன. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகமும் தனியார் தோட்டங்களும் இம்மாவட்டத்தில் பலருக்கு வாழ்வாதாரமாக உள்ளன.

தொழிலின் கால ஒழுங்கு

வெப்பம் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் ரப்பர் பால் நன்கு வடியும். ஆகவே பால்வெட்டு வைகறையிலேயே தொடங்குகிறது. வெட்டிய மரங்களில் சிரட்டையிலோ கிண்ணத்திலோ பால் நிறைந்து வடிதல் ஓயும்வரை சில மணி நேரம் காத்திருந்து, பின்னரே அதனைச் சேகரிப்பர். உணவும் தேநீரும் பெரும்பாலும் இந்த இடைவேளையிலேயே அமைகின்றன. விரைந்து கிளம்பும் நாளில் காலைத் துலக்கலும் தவறிவிடக்கூடும். எனவே பல்தூய்மைச் சிக்கல் இங்குத் தனிமனிதச் சோம்பலால் மட்டும் எழுவதன்று. தொழிலின் கால ஒழுங்கும் அதற்குக் காரணமாகிறது.

இலக்கியம் காட்டும் இரு செயல்கள்

‘துலக்குதல்’, ‘விளக்குதல்’ என்னும் சொற்கள் ஒளிரச் செய்தல் என்னும் பொருளுடையன. ‘கொப்பளித்தல்’ நீரால் வாயை அலசுதலைக் குறிக்கும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை, காலையில் குச்சியால் பல் துலக்குவதையும், உண்டபின் எச்சில் நீங்க வாயை நன்கு தூய்மை செய்வதையும் தனித்தனியே விதிக்கிறது. முன்னது நாளின் தொடக்கத்திற்கு உரியது. பின்னது ஒவ்வோர் உணவுக்கும் உரியது.

இப்பகுப்பு இன்றைய பல் மருத்துவ அறிவோடும் பொருந்துகிறது. இனிப்பு உட்கொண்ட சில நிமிடங்களில் பல்மேற் படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமில கார அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் இந்நிலையைச் சீராக்க அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். 1940களில் ஸ்டீபன் என்பவர் இம்மாற்றத்தை அளந்து காட்டினார். எனவே சர்க்கரையின் அளவைப் போலவே அதனை எத்தனைமுறை உட்கொள்கிறோம் என்பதும் முக்கியமானது. இனிப்புத் தேநீரை இடைவிட்டு இடைவிட்டுப் பருகுவோரின் பற்கள் பகல் முழுவதும் அமிலத்தில் தோய்ந்திருக்கும்.

பணியிடத்தில் இயல்வன

உண்டவுடன் நல்ல நீரால் வாயை அழுத்திக் கொப்பளித்தல் உணவுத் துணுக்குகளையும் சர்க்கரையையும் குறைக்கும். இதற்குக் குடிநீர்க் குப்பி ஒன்றே போதும். புளிப்பு உண்டிருந்தால் உடனே தேய்க்காமல் அரைமணி நேரம் பொறுத்தல் நன்று.

வேம்பு, ஆல் போன்றவற்றின் குச்சியை மென்று நாராக்கித் தேய்க்கலாம். பயன்படுத்தியபின் எறிந்துவிடலாம் என்பதால் சுமந்து செல்ல வேண்டிய தேவையில்லை. ஆயினும் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தையும் இடுக்குகளையும் அது எளிதில் எட்டாது. பற்பசையில் உள்ள ஃபுளோரைடும் அதில் இல்லை. ஆகவே வீட்டில் காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குவதற்குக் குச்சி துணையாகலாமேயன்றி மாற்றாகாது. உமிக்கரியில் சிலிக்கா மிகுந்திருப்பதால் அதனை அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும்.

விரலால் பல் தேய்ப்பதில் இத்தொழிலுக்கே உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. பால் உறையாதிருக்க அம்மோனியாவும், உறையச் செய்ய ஃபார்மிக் அமிலமும் பயன்படுகின்றன. அவற்றைக் கையாண்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் வாயில் வைத்தல் தகாது.

வெற்றிலைபாக்கு என்னும் மாற்று

உணவுக்குப் பின் தாம்பூலம் தரித்தல் வாய்மணத்திற்குரியதாகப் போற்றப்பட்ட வழக்கம். அது தூய்மை செய்த உணர்வைத் தருகிறது. ஆனால் பல்மேற் படலத்தை நீக்குவதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைபாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்துள்ளது. வாயைத் திறக்க இயலாது இறுகச் செய்யும் வாய்த்திசு நார்மிகை நோய்க்கும் பாக்கே முதன்மைக் காரணம். உறக்கம் கலைக்கவும் பசி தணிக்கவும் மெல்லத் தொடங்கியவர், அதையே வாய்த்தூய்மை என்று கருதிக் கொப்பளித்தலைக் கைவிடும்போது இழப்பு இருமடங்காகிறது.

முடிவுரை

பகல்நேரப் பல்தூய்மைக்குப் புதிய கருவிகளைக் காட்டிலும் மரபிலேயே உள்ள ஒரு பகுப்பை மீட்டெடுப்பதே முதன்மையானது. துலக்குதலை வீட்டின் இரு வேளைகளுக்கும், கொப்பளித்தலைப் பணியிடத்தின் ஒவ்வோர் உணவுக்கும் உரியதாக்க வேண்டும். பால் வடியக் காத்திருக்கும் இடைவேளை அதற்குப் போதுமானது. தோட்டங்களில் குடிநீரும் கைகழுவும் வசதியும் கிடைக்கச் செய்வது நிருவாகத்தின் கடமையாகும். அவ்வசதி இல்லாத இடத்தில் தொழிலாளரின் பழக்கத்தை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.