ஆயத்த வினாக்களும் ஆசிரியரின் பொறுப்பும்

வகுப்பறையில் வினாவிடைப் போட்டி நடத்துவது எமது பாடசாலைகளுக்குப் புதியதன்று. வகுப்பை இரு அணிகளாகப் பிரித்து, கரும்பலகையின் ஓரத்தில் புள்ளிகளைக் குறித்து, படித்த பாடத்தை மீட்டுப் பார்க்க வைத்த ஆசிரியர்களிடம் கற்றவர்கள் எம்மில் பலர். அந்த ஆசிரியர்கள் தமது வினாக்களைத் தாமே எழுதிக்கொண்டு வகுப்பிற்கு வந்தனர். இன்று அதே போட்டி கணினித் திரையிலும் கையடக்கத் தொலைபேசியிலும் நடைபெறுகின்றது. அதற்கான வினாக்களும் ஆயத்த நிலையில் கிடைக்கின்றன. இவ்வசதியை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றி எமது கல்விச் சமூகம் சிந்திக்க வேண்டியுள்ளது.

நோர்வேயில் உருவாக்கப்பட்டு 2013ஆம் ஆண்டு பொதுப் பாவனைக்கு வந்த 'கஹூட்', 2025ஆம் ஆண்டு 'வேகிரவுண்ட்' எனப் பெயர் மாற்றம் பெற்ற 'குவிஸிஸ்' என்பன இத்தகைய விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்றவை. ஆசிரியர்கள் உருவாக்கிப் பகிர்ந்த வினாத்தொகுதிகள் இவற்றில் ஏராளமாகச் சேர்ந்துள்ளன. பாடத்தின் பெயரைத் தேடி, வேண்டிய தொகுதியைப் பிரதி செய்து, சில நிமிடங்களில் ஒரு போட்டியை ஆயத்தப்படுத்திவிடலாம். போட்டி முடிந்ததும் எந்த வினாவில் எத்தனை பேர் தவறினர் என்ற அறிக்கையும் கிடைக்கின்றது. நாற்பது மாணவர்களைக் கொண்ட வகுப்புகளைப் பொறுப்பேற்று, இரவில் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியருக்கு இது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை.

இதனை வெறும் விளையாட்டு எனத் தள்ளிவிடவும் முடியாது. ஐக்கிய அமெரிக்காவின் உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்களும் அதனை நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடங்களின் பின்னர் திரும்பப் படித்தவர்களே சற்று முன்னின்றனர். ஆனால் ஒரு வாரத்தின் பின்னர் அவர்கள் 42 சதவீதத்தையே நினைவில் வைத்திருக்க, எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தனர். அறிவை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் முயற்சியே அதனை நிலைக்கச் செய்கின்றது என்பது இதன் பொருளாகும்.

எனினும், இவ்வாறு நிலைப்பது சரியான விடை மட்டுமன்று. பல்தேர்வு வினாக்களில் மாணவர் வாசிக்கும் பிழையான தெரிவுகளும் பின்னர் உண்மைபோல் மனத்தில் எழக்கூடும் என்பதை ரோடிகரும் மார்ஷும் 2005ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். விடையளித்த பின்னர் சரியான விடையை எடுத்துரைத்தால் இத்தீங்கு பெரிதும் குறைகின்றது. அவ்வாறாயின், சரியென்று காட்டப்படும் விடையே தவறாக இருந்தால் என்னவாகும்? எமது கவலை இங்குதான் ஆரம்பமாகின்றது.

தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் இலங்கை ஆசிரியர் ஒருவர் விஞ்ஞான வினாக்களைத் தேடுகிறார் என வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைத் தழுவியவை. எமது பாடநூல்களில் ஒட்சிசன் என்பது அங்கு ஆக்சிஜன். எமது இழையம் அங்கு திசு. இவை மாணவரைச் சற்றுத் தடுமாறச் செய்யும், அவ்வளவே. ஆனால் 'வேகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எமது பாடநூல்களில் திசையற்றது கதி, திசையுடையது வேகம். தமிழ்நாட்டிலோ திசையற்றதே வேகம், திசையுடையது திசைவேகம். ஆகவே, 'வேகம் திசையுடைய கணியமா?' என்ற வினாவிற்கு 'இல்லை' என்பது அங்கு சரியான விடை. இங்கு பிழையான விடை. எமது பாடநூலைக் கருத்தூன்றிப் படித்து 'ஆம்' என்று அழுத்திய மாணவிக்குத் திரையில் சிவப்பு நிறம் தோன்றுகின்றது. ஊகித்தவர் புள்ளி பெறுகிறார். சரியாகக் கற்றவர் தாம் கற்றதைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். அதே சந்தேகத்துடன் அவர் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்திற்குச் சென்றால் அதற்குப் பொறுப்பாளி யார்?

இவ்வாறான இடர் விஞ்ஞானத்தோடு நின்றுவிடுவதில்லை. 'நமது தேசியப் பறவை எது?' என்ற வினாவிற்கு இந்தியத் தொகுதி மயில் என்று கூறும்; எமக்கோ அது காட்டுக்கோழி. 2006ஆம் ஆண்டு புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டதை அறியாத பழைய தொகுதியொன்றில் கோள்கள் ஒன்பதாகவே இருக்கும். இஸ்லாம் பாடத்திலும் இதே அவதானம் தேவை. வித்ருத் தொழுகை ஹனபி மத்ஹபில் வாஜிப். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது சுன்னத். எந்த மத்ஹபின்படி கேட்கப்படுகின்றது என்பதைக் குறிப்பிடாத வினா, மாணவரைக் குழப்பத்திலேயே ஆழ்த்தும்.

விடை சரியாக இருப்பதால் மாத்திரம் வினா நல்லதாகிவிடாது. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொல்லும் வினாவில் ஆறில் ஐந்து என்ற சரியான விடையுடன், ஐந்தில் இரண்டு என்பதும் ஒரு தெரிவாக இருக்க வேண்டும். அதனைத் தெரிவு செய்பவர் தொகுதியைத் தொகுதியுடனும் பகுதியைப் பகுதியுடனும் கூட்டியுள்ளார் என்பது ஆசிரியருக்கு உடனே புலப்படும். அதற்குப் பதிலாக நூறு, ஆயிரம் என்ற பொருத்தமற்ற தெரிவுகளை நிரப்பினால் எல்லோரும் சரியாக விடையளிப்பர். ஆசிரியர் அறிந்துகொள்வது ஒன்றுமில்லை.

விரைவுக்கு அதிக புள்ளி வழங்கும் முறையும் கவனத்திற்குரியது. நிதானமாகச் சிந்திக்கும் பிள்ளை தோற்றுக்கொண்டே இருந்தால் அப்பிள்ளைக்கு விளையாட்டே தண்டனையாகிவிடும். விடையளிக்கும் நேரத்தைக் கூட்டலாம். பிள்ளைகளை அணிகளாகவும் விளையாட விடலாம். வசதி குறைந்த பாடசாலைகளுக்கும் வழி உண்டு. 'பிளிக்கர்ஸ்' என்ற முறையில் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் அச்சிட்ட அட்டையைத் தமது விடைக்கேற்பத் திருப்பிப் பிடிப்பர். ஆசிரியரின் ஒரேயொரு கையடக்கத் தொலைபேசி அவற்றைப் படம்பிடித்து விடைகளைப் பதிவு செய்யும். அதற்கும் வசதியில்லாத இடத்தில், தேர்ந்தெடுத்துத் திருத்திய வினாக்களைக் காகிதத் துண்டுகளில் எழுதிப் பழைய முறையிலேயே போட்டியை நடத்தலாம். பயன் தருவது வினாவே, கருவியன்று.

பத்திரிகைத் துறையில் நாம் அன்றாடம் கடைப்பிடிக்கும் நடைமுறை ஒன்றுண்டு. செய்தி முகவர் நிலையம் எத்துணை நம்பகமானதாயினும், அது அனுப்பும் செய்தி உதவி ஆசிரியரின் மேசையைக் கடந்தே அச்சிற்குச் செல்லும். ஆயத்த வினாவும் வகுப்பாசிரியரின் மேசையைக் கடந்தே மாணவரை அடைய வேண்டும். நாற்பது வினாக்களில் பத்தைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் தாமே விடையளித்துப் பார்த்து, கலைச்சொற்களை எமது பாடநூலுடன் ஒப்பிட்டுத் திருத்த அரைமணி நேரம் போதுமானது. போட்டி முடிந்ததும் அதிகமானோர் தவறிய வினாவை எடுத்து, ஏன் தவறினர் என்று வகுப்பில் உரையாடுவது அதனிலும் முக்கியமானது.

ஆயினும், ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே ஒரே பிழையைத் திருத்திக்கொண்டிருப்பது உழைப்பின் விரயமாகும். கடந்தகால வினாத்தாள்கள் எம்மிடம் உள்ளன. அனுபவம் மிக்க ஆசிரியர்களும் சேவைக்கால ஆலோசகர்களும் வலயந்தோறும் உள்ளனர். தமிழ், முஸ்லிம் பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒன்றிணைந்து, ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்த்து, எமது பாடத்திட்டத்திற்கும் கலைச்சொற்களுக்கும் இசைந்த பொதுவான வினா வங்கியொன்றை உருவாக்குவது இயலாத காரியமன்று. கல்வி அதிகாரிகள் இதற்கு முன்னின்று வழிகாட்ட வேண்டும். அதுவரை, பிறர் எழுதிய வினாவை வாசித்துப் பாராமல் எமது பிள்ளைகளின் முன் வைக்காதிருப்பதே ஆசிரியர்கள் செய்யக்கூடிய பெரும் பணியாகும்.