அரிசி கிடைக்காத நாளில்

இட்லிக்கு அரிசி இன்றியமையாதது. அந்த அரிசியே கிடைக்காமற்போனால் இட்லிக்கடை நடத்துபவர் என்ன செய்வார்? கடையை மூடுவாரா? மாவின் தரத்தைக் குறைத்து விற்பாரா? பெங்களூரு நகரின் சிற்றுண்டிச்சாலை ஒன்று இந்த வினாவுக்கு வேறொரு விடை கண்டது.

உடுப்பி வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தவர்கள் மையா சகோதரர்கள். சமையற்கலையே அவர்களுடைய முதல். 1924ஆம் ஆண்டு அவர்கள் ஒரு சிறிய உணவகத்தைத் தொடங்கினர். அது பிற்காலத்தில் ‘மாவள்ளி டிபன் ரூம்ஸ்’ எனப் பெயர் பெற்றது. மக்கள் அதனைச் சுருக்கமாக எம்.டி.ஆர். என்று அழைக்கின்றனர்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டில், ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. தென்னிந்தியாவில் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டது. அரிசியை நம்பியிருந்த உணவகங்கள் திகைத்தன. அப்போது எம்.டி.ஆர். சமையலறையில் கோதுமை ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்தனர். ரவையை நெய்யில் வறுத்துத் தயிரில் கலந்து, கடுகு தாளித்து, முந்திரிப் பருப்புச் சேர்த்து ஆவியில் வேகவைத்தனர். ரவை இட்லி இவ்வாறே பிறந்தது என்பது அவ்வுணவகத்தார் கூறும் வரலாறு. அரிசி மாவைப்போல அதனை ஆட்டவோ, இரவு முழுவதும் புளிக்க வைக்கவோ தேவையில்லை. தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் மக்கள் அதனை விரும்பிக் கேட்டனர்.

நல்ல காலத்திலும் அவர்கள் கற்பதை நிறுத்தவில்லை. சகோதரர்களுள் ஒருவரான யக்ஞநாராயண மையா, 1951ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள உணவகங்களைக் கண்டார். அங்கே கண்ட தூய்மை முறைகளைத் தம் உணவகத்தில் நடைமுறைப்படுத்தினார். வாடிக்கையாளரின் நம்பிக்கை வளர்ந்தது.

அடுத்த சோதனை, 1975ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலைக் காலத்தில் வந்தது. உணவகங்கள் மிகக் குறைந்த விலைக்கே உணவு விற்கவேண்டும் என அரசு ஆணையிட்டது. அவ்விலைக்கு விற்றால் இழப்பு நேரும்; இழப்பைத் தவிர்க்க நெய்யையும் பருப்பையும் குறைத்தால் பல்லாண்டுகள் ஈட்டிய நற்பெயர் கெடும். எம்.டி.ஆர். மூன்றாவது வழியைத் தேர்ந்தது. வீட்டிலேயே எளிதாகச் சமைக்கத்தக்க உணவுக் கலவைகளைப் பொட்டலங்களாக விற்கத் தொடங்கியது. கடைக்கு வந்து உண்டவர்களின் வீட்டுக்கு இப்போது அதன் சுவை சென்றது. அந்தப் பொட்டலத் தொழில் பெரிதும் வளர்ந்தது. 2007ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஆர்க்லா நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. உணவகத்தையோ மையா குடும்பத்தாரே தொடர்ந்து நடத்துகின்றனர்.

இரு நெருக்கடிகளிலும் அவர்கள் பொருளை மாற்றினர். விற்கும் முறையை மாற்றினர். தரத்தை மட்டும் மாற்றவில்லை. சிறுதொழில் செய்வோர் போட்டியில் நிலைத்து நிற்கும் வழி இதுவே. பெரிய நிறுவனத்திடம் பணம் மிகுதி. சிறிய கடையிடம் இருப்பவை கைத்திறனும் வாடிக்கையாளரின் நம்பிக்கையுமே. நெருக்கடி வந்ததும் தரத்தைக் குறைப்பவர் அந்த நம்பிக்கையை இழக்கிறார். பழைய வழியையே பற்றிக்கொண்டிருப்பவர் தொழிலை இழக்கிறார்.

வெளிமாநிலங்களில் இட்லிக்கடையும் தையற்கடையும் நடத்தும் தமிழர் பலர். விலைவாசி உயரும்போதும் பெருங்கடை ஒன்று அருகில் திறக்கப்படும்போதும் அவர்கள் முன்னும் இதே வினா நிற்கிறது: எதை மாற்றுவது, எதைக் காப்பது?

சிந்தித்து எழுதுக

1. 1942ஆம் ஆண்டில் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டது ஏன்?
2. நெருக்கடிநிலைக் காலத்தில் எம்.டி.ஆர். தேர்ந்த மூன்றாவது வழி யாது?
3. உங்கள் தெருவில் உள்ள சிறுகடைக்காரர் ஒருவரிடம் பேசுக. கடினமான காலத்தில் அவர் மாற்றியது எது, மாற்றாதது எது என ஐந்து தொடர்களில் எழுதுக.