கொதிகலன் கசிவின் முதல் துளை

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றச் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் வெந்நீர்க் குழாய்களை ஓடவிடுவார்கள். அழுத்தமானி நாள்தோறும் இறங்கியும் எங்கும் ஈரம் தென்படாவிட்டால் வீட்டுக்காரர் திகைத்துப்போவார். திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த மார்கழியிலும் வீட்டைச் சூடாக்கும் தேவை எழுவதில்லை. ஆயினும் அதே புதிர் பேருருக்கொண்டு எழும் இடம் இம்மாவட்டக் கடலோரத்தில் உண்டு. அது அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின் நிலையம். கொதிகலன் குழாயில் கசிவு, 210 மெகாவாட் உற்பத்தி நிறுத்தம் என்ற செய்தியை நாளிதழில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அச்சிறு செய்திக்குப் பின்னே நிகழும் தேடல் நம் முழுக் கவனத்துக்கும் உரியது.

நிலையத்தின் முதற்கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, 1994 முதல் 1996 வரை அடுத்தடுத்து இயங்கத் தொடங்கின. இவ்வகை அலகு ஒன்றின் கொதிகலன் மணிக்கு ஏறத்தாழ 700 டன் நீராவியை ஆக்குகிறது. அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. வெப்பநிலை 540 பாகை செல்சியசு. அவ்வழுத்தத்தில் நீர் கொதிப்பதற்கே 340 பாகை வேண்டும். உலையின் சுவர்களே குழாய்களை அடுக்கிப் பிணைத்தவை. நீட்டி வைத்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும் அக்குழாய்களின் தடிப்போ சில மில்லிமீட்டர்தான். ஊசித்துளை ஒன்று விழுந்தால் வெளிப்படும் நீர் அக்கணமே ஆவியாகிப் புகையுடன் கலந்து புகைபோக்கி வழியே வானேறிவிடும். சொட்டு விழாது, கறையும் படியாது.

ஆகவே முதற்சான்றைக் கணக்கேட்டில்தான் தேட வேண்டும். சுழலியைச் சுழற்றிய நீராவி குளிர்ந்து நீராகி மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. வழியில் இழந்ததை ஈடுசெய்ய, கனிமம் நீக்கிய நீரைச் சிறிதளவு சேர்ப்பார்கள். அந்த ஈட்டுநீர் காரணமின்றி ஏறினால் எங்கோ துளை விழுந்திருக்கிறது. நீராவி அளவில் நூற்றில் ஒரு பங்கு என்றாலும் மணிக்கு 7 டன்! கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் சிறு பாய்லரை நம்பி நடக்கும் ஆலைக்கும் இது பொருந்தும். ஊட்டுநீர்க் குழாயில் ஒரு நீர்மானியும் அதை வேளைதோறும் குறித்துவைக்கும் பொறுப்பான ஒருவரும் இருந்தால், அதனினும் மலிவான காவல் வேறில்லை என்பேன்.

அடுத்த சான்று ஒலி. உலையின் சொந்த முழக்கம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒலிப்பது. துளையினின்று பீறிடும் நீராவியின் சீறலோ உயர்ந்த அதிர்வெண்கள் வரை பரவும். உலைச்சுவரில் பொருத்திய உணரிகள் அந்த வேறுபாட்டை ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும். குழாய்களில் படிந்த சாம்பலை அகற்றும் நீராவிப் பீச்சிகளும் இவ்வாறே சீறுவது ஓர் இடர். ஆனால் பீச்சியின் ஒலி சில நிமிடங்களில் ஓயும். கசிவின் ஒலி ஓயாது, நாளுக்கு நாள் வலுக்கும். எந்த உணரியில் ஒலி மிகுகிறதோ அதன் அருகே துளை இருக்கிறது.

அலகை நிறுத்தி, உலை ஆறிய பின்னரே ஆட்கள் உள்ளே இறங்க முடியும். குழாய்களில் நீரை நிரப்பி அழுத்தமேற்றினால் துளைகள் தம்மைக் காட்டிவிடும். பெரும்பாலும் அவை பல. ஒரு குழாயின் பீறல் பக்கத்துக் குழாயை அறுக்க, அதன் பீறல் மூன்றாவதை அறுத்திருக்கும். கண்ணைக் கவரும் பெருந்துளை கடைசியாக விழுந்ததாக இருக்கலாம். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு முதற்துளையின் காரணத்தை ஆராயாமல் அலகை ஓட்டுவது, அடுத்த நிறுத்தத்துக்கு நாள் குறிப்பதாகும். மின்தேவை நெருக்கும் கோடையில் அந்த ஆராய்ச்சிக்கு நேரம் கொடுப்பது கடினம். ஆயினும் கொடுத்தே ஆக வேண்டும்.

காரணத்தைத் துளையின் விளிம்பே சொல்லும். மீன்வாய்போல் பிளந்து, உதடுகள் கத்திமுனையாக மெலிந்திருந்தால் குழாய் திடீரென மிகைவெப்பம் கண்டது. வெளிப்புறம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அது சாம்பலின் வேலை. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி, புகையின் விரைவு கூடக்கூடத் தேய்மானம் பன்மடங்காகும். தடித்த விளிம்போடு சன்னல்போல் ஒரு துண்டே பெயர்ந்து விழுந்திருந்தால், குற்றவாளியைக் கொதிகலனுக்கு வெளியே தேட வேண்டும்.

ஏனெனில் இந்நிலையம் நீராவியைக் குளிர்விப்பது கடல்நீரால். குளிர்கலனில் நீராவி இருக்கும் பக்கம் ஏறக்குறைய வெற்றிடம். அங்குள்ள மெல்லிய குழாய் ஒன்றில் மயிரிழைப் பிளவு ஏற்பட்டாலும் கடல்நீர் உள்ளே உறிஞ்சப்படும். அந்த உப்பு கொதிகலனை அடைந்து, குழாயின் உட்படிவுகளுக்கு அடியில் செறிந்து அமிலமாகும். அமிலம் இரும்பை அரிக்கையில் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகினுள் ஊடுருவி, அங்குள்ள கரிமத்தோடு கூடி மீத்தேனாகும். வெளியேற வழியற்ற மீத்தேன் எஃகின் மணிகளைப் பிரித்துப் பிளக்கும். ஒரு கசிவின் வேர் இன்னொரு கசிவில்!

அந்த வேரை நீரின் மின்கடத்துதிறன் காட்டிக்கொடுக்கும். தூய ஊட்டுநீர் மின்சாரத்தை மிகமிகக் குறைவாகவே கடத்தும்; உப்பு கலந்த உடனே மானி எகிறும். பின்னர்ச் சுமையைக் குறைத்து, குளிர்கலனின் ஒரு பாதிக் கடல்நீரை வடித்து, குழாய்களின் வாயில் மெல்லிய நெகிழித்தாளைப் பரப்புவார்கள். எந்த வாய் தாளை உள்ளிழுக்கிறதோ அதுவே பிளந்த குழாய். நுண்ணிய பிளவுக்கு ஹீலியம் செலுத்தி, வெற்றிடக் குழாய்வழி வெளிவரும் காற்றில் அதைத் தேடுவதும் உண்டு. கண்டதும் அக்குழாயின் இரு முனைகளையும் ஆப்படித்து அடைப்பார்கள். கொதிகலன் நீரை வடித்துப் புதுநீர் ஏற்றி, மானி பழைய அளவுக்கு இறங்கிய பிறகே முழுச்சுமை ஏற்ற வேண்டும்.