அடைக்கலப் பட்டணங்கள்

விறகு வெட்டும்போது கோடரியின் இரும்பு கழன்று, அருகில் நின்றவர் மேல் பட்டு அவர் இறந்துபோகிறார். வெட்டியவர் கொலைகாரரா? பைபிளின் உபாகமம் 19-ஆம் அதிகாரம் காட்டும் எடுத்துக்காட்டு இது. இறந்தவரின் உறவினர் பழிவாங்கத் துரத்துவார். தப்பி ஓடுபவருக்காக யோர்தானின் இருபுறமும் மும்மூன்றாக 6 பட்டணங்கள் ஒதுக்கப்பட்டன. எப்ரோன், சீகேம், கோலான் அவற்றில் சில. கொலையாளிக்கு இது புகலிடம் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. அங்கே கிடைத்தது மன்னிப்பு அல்ல, விசாரணை வரைக்குமான உயிர்ப் பாதுகாப்பு. பகை வைத்துக் கொன்றவர் என்று தெரிந்தால், ஊர்ப் பெரியவர்கள் அவரைப் பிடித்துப் பழிவாங்குபவரிடமே ஒப்படைப்பார்கள். இரக்கம் இங்கே நீதிக்கு எதிரி அல்ல. ஆத்திரம் முந்திக்கொள்ளாதபடி நீதிக்கு அவகாசம் வாங்கித் தந்தது.

அப்படியானால், கைதவறிக் கொன்றவர் பிரதான ஆசாரியர் இறக்கும்வரை அந்த ஊரிலேயே அடைபட்டிருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வது அநியாயம் இல்லையா? கடுமைதான். ஆனால் நோக்கம் இல்லாவிட்டாலும் போனது ஓர் உயிர். பணம் கட்டி முன்னதாக வீடு திரும்பவும் எண்ணாகமம் 35 இடம் தரவில்லை. செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே கணக்கு. ஆசாரியரின் மரணமே விடுதலை என்றால், சிக்கியவர் அதற்காக வேண்டிக்கொள்ள மாட்டாரா? யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதையும் யோசித்திருக்கிறது: தங்கள் மகன் சாக வேண்டும் என்று அடைபட்டவர்கள் வேண்டிக்கொள்ளாதிருக்க, ஆசாரியர்களின் தாய்மார்கள் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து வந்தார்களாம்.