டயரில் காற்று எவ்வளவு?

பாலைவன மணலில் ஒரு லாரி புதைந்து நிற்கிறது. ஓட்டுநர் இறங்கி வருகிறார். எல்லா டயர்களிலிருந்தும் பாதியளவு காற்றைத் திறந்து விடுகிறார். பிறகு ஏறி அமர்ந்து வண்டியை மெல்ல வெளியே ஓட்டிவிடுகிறார். காற்று குறைந்தால் வண்டி ஓடாது என்றல்லவா நாம் எண்ணியிருக்கிறோம்?

அதே லாரி, அதே குறைந்த காற்றுடன், தார்ச்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் சிதறி உயிருக்கே ஆபத்து நேரலாம். மணலில் காப்பாற்றிய ஒன்று சாலையில் ஏன் பகையாகிறது?

சுமையைத் தாங்குவது எது?

வண்டியின் எடையை ரப்பர் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். ரப்பரும் நூலிழைகளும் எஃகுக் கம்பிகளும் சேர்ந்து அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் உறுதியான பையாக விளங்குகின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரத்தின்மேல் 1200 பவுண்டு (சுமார் 545 கிலோகிராம்) எடை இருக்கிறது. டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. 1200-ஐ 30-ஆல் வகுத்தால் 40. அதாவது, டயர் ஏறத்தாழ 40 சதுர அங்குலப் பரப்பில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அழுத்தத்தை 15 பவுண்டாகக் குறைத்தால் இந்தப் பரப்பு 80 சதுர அங்குலம் ஆகும். டயரின் பக்கச்சுவர்களும் சிறிது எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குத்தான். ஆயினும் நடப்பது என்ன என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

சேற்றில் கால் புதையும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடக்கிறோம். நம் எடை குறைவதில்லை. அது அதிகப் பரப்பில் பரவுகிறது. காற்று குறைந்த டயரும் தனக்குத் தானே பலகை போட்டுக்கொள்கிறது. அது அகலத்தில் விரிவதைவிட நீளவாக்கில்தான் மிகுதியாகப் படிகிறது. மணலைத் தோண்டிக்கொண்டு இறங்காமல் அதன்மேல் ஏறிச்செல்ல இதுவே உதவுகிறது.

1920-களிலும் 1930-களிலும் லிபியப் பாலைவனத்தைக் கார்களில் கடந்து ஆராய்ந்த ஆங்கிலேயப் படை அதிகாரி ரால்ஃப் பாக்னால்டு இந்த முறையைக் கையாண்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் பயன்படுத்திய, நீரிலும் நிலத்திலும் செல்லும் 'டக்' என்னும் லாரியிலோ ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்யப்பட்டது. கடலிலிருந்து மணற்கரையில் ஏறும்போது காற்றைக் குறைப்பார்கள். கெட்டியான சாலைக்கு வந்ததும் ஏற்றிவிடுவார்கள்.

சாலையில் நடப்பது

தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்குகிறது. அதைக் கடந்ததும் நிமிர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 73 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒன்று நிமிடத்துக்கு 700 தடவைக்கு மேல் சுழலும். டயரின் ஒவ்வொரு பகுதியும் அத்தனை தடவை நசுங்கி நிமிர வேண்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். ரப்பரும் அவ்வாறே சூடேறுகிறது. காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நசுங்கல் கூடும்; வெப்பமும் கூடும். மணலில் வேகம் குறைவு. ஆகவே அங்கே இந்த வெப்பம் பெரிதாகத் தெரிவதில்லை. நெடுஞ்சாலையிலோ அது டயரின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பிடிப்பையே தளர்த்திவிடும்.

இதன் விலையை அமெரிக்கா கொடுத்துக் கற்றுக்கொண்டது. ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. தார்ச்சாலை, கரடுமுரடான பாதை இரண்டுக்கும் உரிய 'ஆல்-டெரெயின்' வகை டயர்களும் அவற்றில் இருந்தன. வேகமாகச் செல்லும்போது டயரின் மேற்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இவ்விபத்துகள் தொடர்பாக 271 மரணங்களை அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது.

காரணம் ஒன்றல்ல. டயரின் அமைப்பு, தயாரிப்பு, வெப்பமான வானிலை, வேகம், சுமை, வண்டி எளிதில் கவிழும் தன்மை எல்லாம் பேசப்பட்டன. காற்றழுத்தமும் அவற்றுள் ஒன்று. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பவுண்டு; டயர் நிறுவனம் வற்புறுத்தியது 30 பவுண்டு. நான்கு பவுண்டுதானே என்று தோன்றலாம். ஆனால் 26-இல் தொடங்கும் டயரில் காற்று சிறிது கசிந்து, சுமையும் சிறிது கூடினால், எஞ்சியிருக்கும் பாதுகாப்பு மிகக் குறைந்துவிடுகிறது.

இதையடுத்து 2000 ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் பயனாக 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய இலகுரக வண்டிகளிலும் காற்று குறைவதை எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. ஆனால் குறித்த அளவில் கால்பங்கு குறைந்த பிறகே அந்த விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே விளக்கை மட்டும் நம்புவது போதாது.

சரியான அளவைத் தேர்வது எப்படி?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் வண்டி நிறுவனம் ஒட்டியிருக்கும் அட்டையில் காற்றழுத்த அளவு இருக்கும். வண்டியோடு வந்த அளவுள்ள டயருக்கு அதுவே தொடக்கம். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது டயருக்குரிய உச்ச அளவு. கார் வகை டயரை எடுத்துவிட்டுத் தடித்த லாரி வகை டயரைப் பொருத்தினால், அதே சுமையைத் தாங்க அதற்குச் சில பவுண்டுகள் கூடுதலாகத் தேவைப்படும். டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டும்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளந்து பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பவுண்டு கூடும். ஓடிச் சூடான டயரில் அளவு மிகுந்து தெரிகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் காற்று பற்றாமல் போகும்.

அளவு பொருந்துகிறதா என்பதைச் சாக்குக்கட்டியாலும் சோதிக்கலாம். டயரின் குறுக்கே ஒரு பட்டையான கோடு போட்டு, சமதளத்தில் சிறிது தூரம் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. எனினும் இந்தச் சோதனையை நம்பிச் சுமை அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது. காற்று மிகுந்தாலும் தீமைதான். டயர் விறைத்து நடுப்பகுதி தேயும், பிடிப்பு குறையும், கூரான கல் எளிதில் வெட்டிவிடும்.

சரளைப் பாதையில் சில பவுண்டுகள் குறைக்கலாம். ஆழ்ந்த மணலில் இலகுரக லாரிகளுக்கு 15 முதல் 20 பவுண்டு வரை இறக்குவது வழக்கம். அப்போது மெதுவாகச் செல்ல வேண்டும். சட்டென்று திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும்.

ஆகவே, காற்றை இறக்கப் புறப்படும் முன் வண்டியில் இரண்டு பொருள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஓர் அழுத்தமானி, ஒரு காற்றுப் பம்பு. இறக்கிய காற்றைத் தார்ச்சாலையில் வேகமெடுக்கும் முன் திரும்ப ஏற்ற வழியில்லாதவர் அதை இறக்காமல் இருப்பதே நல்லது.