தாகத்தை நம்பலாகாத காலம்

ஹைதராபாத்தின் மௌலா அலிக் குன்றின் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கக்கும் கோடை நாட்களில், குடலில் ரணசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் நாவறட்சி என்று சொன்னால், வீட்டார் செம்பு செம்பாக ஜலம் கொடுப்பது இயல்பே. ஆனால், சிறுகுடலின் முனையை வயிற்றின் வழியே வெளியே கொணர்ந்து பை பொருத்தப்பட்ட நோயாளிக்கு, பையில் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் சேருமானால், வெறும் ஜலமே அத்தாகத்தை வளர்த்துவிடும்.

உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம் முதலியவற்றோடு நாம் பருகுவதும் சேர்ந்து நாள்தோறும் சுமார் 8 லிட்டர் திரவம் சிறுகுடலை அடைகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும், எஞ்சியதைப் பெருங்குடலும் மீட்டுக்கொள்ள, மலத்தோடு கழிவது 200 மில்லிக்கு மேற்படாது. பெருங்குடலின் உதவியை இழந்தவருக்கோ, பையில் விழும் ஒவ்வொரு லிட்டரோடும் ஏறத்தாழ 6 கிராம் உப்புக்கு ஈடான சோடியம் போய்விடுகிறது. உப்பில்லாத ஜலம் மேற்குடலில் இறங்கியதும், ரத்தத்திலுள்ள சோடியம் அதனுள் கசிந்து, குடித்ததும் கசிந்ததுமாக இரண்டும் பையில் போய்ச் சேருகின்றன.

உப்பும் குளுக்கோஸும் உரிய அளவில் கலந்திருந்தால் குடற்சுவர் அவ்விரண்டையும் சேர்த்தே உட்கொள்ள, ஜலமும் பின்தொடர்கிறது. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் காலராவை எதிர்த்து நின்றது இந்தத் தத்துவத்தைக் கொண்டுதான். பை பொருத்தியவர்களுக்கு, இன்று வழங்கும் ஓஆர்எஸ் எனப்படும் வாய்வழி நீரேற்றக் கரைசலைவிடச் சற்று உப்புக் கூடிய கரைசல் வேண்டியிருப்பதால், லிட்டருக்கு 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு, 20 கிராம் குளுக்கோஸ் என்ற பிரமாணத்தை வைத்தியர்கள் கையாள்வதுண்டு. ருசி சொல்லும்படியாக இராது.

கடைகளில் விற்கும் ருசியான பானப் புட்டிகளைப் பற்றியே எனக்குக் கவலை. அளவுமீறிய சர்க்கரை குடலுக்குள் ஜலத்தை இழுக்குமேயன்றி உடலில் ஏற்றாது. 'ஓஆர்எஸ்' என்ற பெயரைச் சூடிய சர்க்கரைப் பானங்களை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல்லாண்டுகள் வாதாடியபின், 2025 அக்டோபரில்தான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரைத் தடுத்தது.

வீட்டில் பையின் அளவையும் சிறுநீரின் அளவையும் குறித்து, காலைதோறும் எடை பார்ப்பது நலம். ஒரே நாளில் ஒரு கிலோ குறைந்தால், போனது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலமே. சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்தாலும், எழுந்து நிற்கையில் தலை சுற்றினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இருதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர், வைத்தியரைக் கேளாமல் இந்த உப்புக்கரைசலைத் தொடலாகாது.